மலை ஏற மணிபர்ஸ் எதற்கு?



ஒவ்வொரு வருஷமும் டூர் லிஸ்ட் வகுப்புக்கு வரும். ஊட்டி, கொடைக்கானல், மைசூர்... பேர் கொடுப்பவர்கள் கொடுப்பார்கள். கொடுக்காதவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "எனக்கு பஸ் ஒத்துக்காதுடா", "வீட்ல விசேஷம்" என்று அவர்களே ஏதாவது சொல்லிவிடுவார்கள். அந்த பஸ் ஒத்துக்காதவன்தான் தினமும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வருகிறான்! உண்மைக் காரணம் பணம். அது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஊர் சுற்றுவதும் மலை ஏறுவதும் வசதி உள்ளவர்கள் சமாச்சாரம் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். அதைத்தான் நான் மறுக்கிறேன்.

'மவுண்டன் பைக்' என்று விளம்பரத்தில் பார்த்தால் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாப் என்ற ஊரில், பாலைவனப் பள்ளத்தாக்குப் பாறைகள்மேல் அதை ஓட்டுவதற்கென்றே பல நாட்டவர் வருகிறார்கள். ஆனால் அந்த சைக்கிள் பிறந்த கதை என்ன? 1970களில் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய காலத்து சைக்கிள்களை மலைச்சரிவில் ஓட்டிப் பார்த்தார்கள். 1976-ல் தொடங்கிய அவர்களது பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இறங்கும்போது பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்து போய்விடும். திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுவதை நாம் பரீட்சைக்குப் படிக்கிறோம். அவர்கள் சைக்கிளில் பார்த்தார்கள். ஆக, காயலான் கடைக்குப் போக வேண்டிய சைக்கிளில் பிறந்ததுதான் இந்த விளையாட்டு!

நமக்குப் பாறை தேசம் இல்லையா? பெருநகரிலிருந்து வந்தவாசி, தேசூர் வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தால் செஞ்சி. போன ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் போனோம். ஐந்தும் சாதா சைக்கிள். அதில் இரண்டு, பிளஸ் ஒன் போன நண்பர்களுக்கு அரசு கொடுத்த இலவச சைக்கிள். என் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. கியர் கிடையாது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம், அவ்வளவுதான். ராத்திரி தேசூர் பக்கம் நண்பனின் சித்தி வீட்டுத் திண்ணை.

சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு ராஜகிரி ஏறினோம். சுமார் 800 அடி. உச்சிக்கு முன்னால் பாறை பிளந்து 24 அடி அகலம், 60 அடி ஆழத்தில் ஒரு பள்ளம். சின்னப் பாலத்தைக் கடந்தால்தான் மேல் கோட்டை. 1690-ல் முற்றுகையிட்ட மொகலாயப் படைக்கு 1698 வரை கோட்டை ஏன் கிடைக்கவில்லை என்று அங்கே நின்றால் புரிகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். நமக்கு சைக்கிள் தூரம்!

என் அப்பாவுக்கு கல் குவாரியில் வேலை. "மலைன்னா ஒடைக்கறதுக்குடா. நீ இன்னாடா, சும்மா ஏறிப் பாத்துட்டு வரேன்ற?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். கூலி இல்லாமல் மலையைப் பார்த்த முதல் ஆளும் நான்தான். இரண்டும் வேறு வேறு இல்லை என்று நினைக்கிறேன். ஒரு கல்லைப் பார்த்து, இது எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்காமல், இது எப்படி இப்படி ஆனது என்று கேட்பதுதானே படிப்பு?

தோழியர் கேட்கலாம்: "நீங்க போயிடுவீங்க, எங்களை வீட்ல விடுவாங்களா?" நியாயமான கேள்வி. நாலு பேர் சேர்ந்து போகிறோம் என்றால் விடமாட்டார்கள். கல்லூரிக் கடிதத்தோடு, ஆசிரியையும் கூட வருகிறார் என்றால் விட வாய்ப்பு உண்டு. "லாரி போற ரோடாச்சே, வெயிலாச்சே" என்பதும் சரிதான். அதனால்தான் நாங்கள் ஐந்து பேர் போய் வந்தது போதாது, மாணவர் சங்கமே நடத்த வேண்டும் என்கிறேன்.

என் யோசனை இதுதான். டிசம்பர், ஜனவரியில் வருஷத்துக்கு ஒரு சைக்கிள் பயணம். விடியற்காலை கிளம்பி, வெயில் ஏறும் முன் ஒரு ஊரில் தங்குவது. தண்ணீர், முதலுதவி, பஞ்சர் சாமானோடு பின்னால் ஒரு சின்ன வண்டி. அதன் வாடகை சங்க நிதியிலிருந்து. சைக்கிள் இல்லாதவருக்கு இருப்பவர் வீட்டிலிருந்து இரவல். இரண்டு நாள் முடியாதவர்களுக்கு ஒரே நாளில் உத்திரமேரூர் கல்வெட்டும் வேடந்தாங்கலும் இருக்கின்றன.

எங்கள் ஐந்து பேருக்கும் ஆன செலவு என்ன தெரியுமா? டீ, நுழைவுச் சீட்டு, ஒரு பஞ்சர். சோறு, வீட்டில் கட்டிக் கொடுத்த புளிசோறு.

ஊட்டிக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால், வகுப்பில் உள்ள அத்தனை பேரும் பேர் கொடுக்கக்கூடிய ஒரு லிஸ்டாவது வர வேண்டாமா? யோசியுங்கள் நண்பர்களே!