கண்ணைத் திறந்து வாசிக்கச் சொல்லாதீர்கள்

"இருட்டுண்ணே, கேமரா பிடிக்கல." டெல்டாவில் ராத்திரித் திருவிழா எடுக்கிற பையன்களிடம் நாகஸ்வரக்காரரின் படம் எங்கே என்று கேட்டால் இதுதான் பதில். சாமி ஷார்ப்பாக இருக்கும். சீரியல் செட் பல்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். சாமிக்கு முன்னால் மூன்று மணி நேரம் வாசித்த மனுஷன் மட்டும் வெந்நீர் ஆவிக்குப் பின்னால் நிற்கிறவர் போலத் தெரிவார். இந்தப் பதிலில் பாதி பொய் என்பது என் கட்சி. மீதிப் பாதி உண்மைக்கு நாம் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம், வியாதியை விட மோசம்.

முதலில் உண்மையான பாதி. ஆட்டோ ஃபோகஸ் வெளிச்சத்தைத் தேடுவதில்லை, விளிம்பைத் தேடுகிறது. லென்ஸின் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற பிம்பங்களை ஒப்பிட்டு, அவை ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் வரை கண்ணாடியை நகர்த்துகிறது. ஒப்பிடுவதற்கு கறுப்பும் வெளுப்பும் சந்திக்கிற ஒரு கோடு வேண்டும். வைகாசியில் திருஞானசம்பந்தர் குருபூஜையை ஒட்டித் தஞ்சாவூர் வீதிகளில் வருகிற முத்துப்பல்லக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லக்கு முழுக்க விளக்கு. மேளம் பல்லக்குக்கு முன்னால் போகும். எதிரே நிற்கிற கேமராவுக்கு வாசிக்கிறவர் முகம் நிழல், அவர் தோளுக்குப் பின்னால் ஆயிரம் கூர்மையான ஒளிப்புள்ளிகள். கேமரா எதைப் பிடிக்கும்? பல்பைத்தான் பிடிக்கும். அதன் புத்திக்கு அது சரி. சில செட்டுகள் மினுக்கி மினுக்கி எரியும்; அப்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் ஒன்றையும் பிடிக்காமல் நிற்கும்.

கம்பெனிக்காரர்கள் "இருட்டிலும் பார்க்கும்" என்கிறார்கள். கேனன் ஆர்5க்குச் சொல்லப்படும் கணக்கு மைனஸ் 6 ஈவி, அதாவது பௌர்ணமி நிலவொளியை விடவும் மங்கல். நல்லது. ஆனால் அந்த எண் எஃப் 1.2 லென்ஸை மாட்டி, நடுப்புள்ளியில் எடுத்த எண். நம் பையன்கள் கையில் இருப்பது கேமராவோடு வந்த 18-55. அதை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6. அங்கே நுழைகிற வெளிச்சம் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு. விளம்பரத்தில் இந்த வரி பொடி எழுத்தில் இருக்கும்.

சரி, 50 எம்எம் எஃப் 1.8 வாங்கிவிட்டான் என்று வைப்போம். இங்கேதான் நாகஸ்வரம் என்கிற வாத்தியத்தின் உடம்பு குறுக்கே வருகிறது. சின்ன சென்சார் கேமராவில், பத்தடி தூரத்தில், அந்த லென்ஸ் கூர்மையாகக் காட்டும் ஆழம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். பாரி நாகஸ்வரத்தின் நீளம் ஏறத்தாழ நாலு சாண். வாசிப்பவர் கொஞ்சம் நம் பக்கம் திரும்பினாலே அணசு முன்னால் வந்துவிடுகிறது. வட்டமாக, பளபளவென்று, கேமரா ஆசைப்படுகிற விளிம்போடு. அது போதாதென்று சீவாளிக் கொத்து வேறு தொங்கி ஆடும். அணசு ஷார்ப், கண் காலி. கண்ணைத் தேடிப்பிடிக்கும் புது வசதி இருக்கிறதே என்பீர்கள். மேல் ஸ்தாயியில் நிற்கும்போது கன்னம் உப்பி, இமை மூடி, முகம் பக்கவாட்டில் இருக்கிறது. எந்தக் கண்ணை அது பிடிக்கும்?

இதற்கு நாம் செய்த வைத்தியம்தான் எனக்குக் கோபம். கும்பகோணம் பக்கம் ஒரு புறப்பாட்டில் பார்த்தேன். வீடியோ எடுக்க வந்தவர் எல்இடி பேனலை, அறுபது வயது தாண்டிய வித்வானின் முகத்துக்கு மூன்றடியில் பிடித்தார். பெரியவர் மல்லாரி வாசித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் தாங்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "ஐயா, கண்ணைக் கொஞ்சம் தொறந்து வாசிங்களேன், ஃபோகஸ் போவுது" என்றார் வீடியோக்காரர். சுற்றி நின்ற ஒருத்தருக்கும் அதில் தப்பாக எதுவும் படவில்லை. இதே வேலையைப் பாட்டுக் கச்சேரியில், குளிர்சாதன சபாவில், முன்னணிப் பாடகர் முகத்துக்கு நேரே செய்துவிட்டு வெளியே வரட்டும் பார்க்கலாம். மேளக்காரர் என்றால் கேட்க ஆளில்லை.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பகிர்ந்தோம். மரத்துக்கு மரியாதை வந்துவிட்டது. ஊதுகிறவருக்கு?

இருட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பெட்ரோமாக்ஸ் காலம் பொற்காலம் என்று உருகுகிறவர்கள், அந்த விளக்கைத் தலையில் சுமந்து ஊர் சுற்றியவர்களின் கழுத்தை ஒருமுறை கேட்டுவிட்டு உருகட்டும். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு நியாயம் இருந்தது. உயரத்திலிருந்து, பக்கவாட்டில், எல்லோருக்கும் பொதுவாக விழுந்தது. நியூயார்க் ஜாஸ் கிளப்புகளை நாற்பதுகளின் கடைசியில் எடுத்த ஹெர்மன் லியோனார்டும் சொந்த விளக்குகளைக் கொண்டுபோனவர்தான். ஒன்றிரண்டு ஃபிளாஷ்களை, மேடையில் ஏற்கெனவே இருந்த விளக்குகளுக்குப் பக்கத்திலேயே பொருத்தினார். வெளிச்சம் அந்த இடத்தின் வெளிச்சமாகவே இருந்தது. கமிட்டிக்காரர்கள் ஜெனரேட்டர் வண்டியில் ஒரு மூங்கிலைக் கட்டி, மேளத்துக்குப் பக்கவாட்டில் மினுக்காத மஞ்சள் விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டால் என்ன குறைந்துவிடும்? சீரியல் செட்டுக்கு ஆகிற காசில் அது தூசு.

படமெடுக்கிறவனுக்கும் வேலை இருக்கிறது. முகம் தேடும் வசதியை அணை. புள்ளியை நீயே வை. ஆரம்ப நிலைக் கேமராவில், உதாரணத்துக்கு 1500டி-யில், 9 புள்ளிகள். கிடைக்கோடு, நிலைக்கோடு இரண்டையும் பார்ப்பது நடுப்புள்ளி மட்டும்தான். மற்றவை ஏதோ ஒரு வகைக் கோட்டை மட்டுமே பார்க்கும். வித்வான் நெற்றியில் பட்டையாக விபூதி இருக்கிறது, இருட்டிலும் வெள்ளை வெளேரென்று மூன்று கோடுகள். அதை விட நல்ல விளிம்பை எந்தக் கம்பெனி கொடுக்கும்? நடுப்புள்ளியை அங்கே வை. மற்ற புள்ளியில் பிடிக்கவில்லையென்றால் கேமராவை நிமிர்த்திப் பிடி, கோட்டின் திசை மாறும். அதுவும் நடக்கவில்லையா, ஆட்டோவை அணைத்துவிட்டு எஃப் 4 வை. அதே பத்தடியில் கூர்மை இரண்டரைச் சாணாக விரியும். ஐஎஸ்ஓ ஏறும், படம் மணல் மணலாக வரும். வரட்டுமே. 1985-இல் மினோல்ட்டா 7000 வரும் வரை உலகத்தில் முக்கால்வாசிப் பேர் விரலால் வளையத்தைத் திருப்பித்தான் எடுத்தார்கள்.

முக்கியமாக, கேள். கேட்காமல் எடுப்பவனுக்குத்தான் பர்ஸ்ட் மோடு தேவைப்படுகிறது. நீண்ட கார்வையில் வித்வான் அசையாமல் நிற்பார், நெற்றி அப்படியே இருக்கும். தவில் தனியில் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்களும் தொப்பியில் பூவரசங்குச்சியும் உன் ஷட்டருக்குள் அடங்காது. கை கலங்கட்டும், முகத்தைப் பிடி. அரை ஆவர்த்தனம் முன்னால் தெரிந்துகொள்ள நாலு திருவிழா நின்று கேட்டால் போதும். கொசு கடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலுக்குப் பெயர் வை. இப்போது என்னிடம் வருகிற படங்களில் "பல்லக்கு_ஃபைனல்_3" என்றுதான் இருக்கிறது. வாசித்தவர் பெயர், தவில்காரர் பெயர், அவர்கள் ஊர், எந்தக் கோயில், எந்த ராத்திரி. விடிவதற்குள் படத்தை அவர்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு. நம்பர் இல்லையென்றால், பஸ் ஏறுவதற்கு முன்னால் டீக்கடையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். போய்க் கேள்.