உண்ணாமலே ஏறும் சர்க்கரை

"இரவு படுக்கும்போது 130. காலையில் வெறும் வயிற்றில் 172. இடையில் தண்ணீர்தான் குடித்தேன். 'ஒளித்துத் தின்றீர்களா உம்மா?' என்று பிள்ளைகளே கேட்கிறார்கள்" என ஒரு சகோதரி மனம் நொந்து எழுதியுள்ளார்.

பிள்ளைகள் முதலில் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும். எதையும் தின்னாமலே அந்த எண் வரக்கூடும். நாம் உறங்கும்போதும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. விடியலுக்குச் சற்று முன் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் முதலியவை சுரந்து அவ்வேலையை முடுக்கிவிடுகின்றன. மற்றவர்க்கு இன்சுலின் அதற்கு ஈடுகொடுத்துவிடும்; நீரிழிவுள்ளவர்க்கு அது போதுவதில்லை.

அதற்காக இரவு மாத்திரையைத் தாமாகவே கூட்டிவிட வேண்டாம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, சில நாட்கள் இரவு 3 மணிக்கும் சோதித்துப் பாருங்கள். இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்க்கு அந்நேரம் 70க்குக் கீழே இறங்கியிருக்கவும் கூடும். அப்போது மருந்தைக் கூட்டுவது ஆபத்து.

விரலையும் கவனியுங்கள். பேரீச்சம்பழம் தொட்ட கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய இனிப்பையும் கருவி சேர்த்தே கணக்கிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது. சோப்பிட்டுக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே குத்த வேண்டும்.

இரண்டு மூன்று மாதச் சராசரியைக் கூறும் எச்பிஏ1சி சோதனையும் சில வேளை ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை, நம் பெண்களிடம் மலிந்திருப்பது, அதைக் கூட்டிக் காட்டலாம். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் எண் மாறலாம். மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபின் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.