நுரையை வைத்து அளக்காதீர்கள்

"நுரையே வரலையே, அழுக்கு எப்படிப் போகும்?" லாட்ஜ், மருத்துவமனை, கல்லூரி விடுதி என எந்தச் சலவைக் கூடத்திலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்டவரின் கை அதற்குள் இன்னொரு குவளை சோப்புத் தூளை அள்ளியிருக்கும். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய இயந்திரங்களை இந்த நம்பிக்கைதான் பாழாக்குகிறது.

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரோடு சேரும். அழுக்கு கழல்வது அப்படித்தான். நுரைக்கு அங்கே வேலையே இல்லை. முன்பக்கக் கதவு இயந்திரத்தில் துணி மேலேறித் தொப்பென்று விழ வேண்டும். அந்த அடிதான் துவைப்பு. டிரம் நிறைய நுரை நின்றால் துணி மெத்தையில் விழுந்தாற்போல் விழும், அழுக்கு அசையாது.

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பது புரிகிறது. உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி லேசில் நுரைக்காது. நுரை வரும்வரை தேய்த்துப் பழகிய கை நம்முடையது. ஆனால் தண்ணீரை மென்மையாக்கும் கருவியைப் பொருத்திய பிறகும் பழைய அளவையே போடுவதற்கு என்ன நியாயம்?

அப்படி மிகும் நுரையை இழுக்க முடியாமல் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் திணறுகிறது. நீர்மட்டம் பார்க்கும் பிரஷர் சுவிட்ச் ஏமாறுகிறது. பல இயந்திரங்களில் டிரம்மைப் பின்னாலிருந்து தாங்குவது மூன்று கைகள் கொண்ட அலுமினிய வார்ப்பு. காரம் மிகுந்த சோப்புப் படிவு அதன்மேல் ஈரமாகவே கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும். மெக்கானிக் கழற்றிக் காட்டும்போது தொட்டுப் பாருங்கள், வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும். முற்றிவிட்டால் ஒரு கை முறிந்தே கிடக்கும்.

ப்ளீச்சும் இதே கதைதான். குளோரின் ப்ளீச் அளவு மீறினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் குழி விழும், பருத்தி நூல் இற்றுப்போகும். மருத்துவமனைத் துணியில் குளோர்ஹெக்சிடின் மருந்து பட்டிருந்தால் குளோரின் ப்ளீச் அதை மாறாத பழுப்புக் கறையாக்கிவிடும். வெள்ளையாக்கப் போட்டதே துணியைக் கெடுக்கும். அந்த ப்ளீச் அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது ஆளையே சாய்க்கும். சோப்பு, ப்ளீச் திரவங்களை அளந்து செலுத்தும் டோஸிங் பம்பின் குழாயிலிருந்து திரவம் சொட்டிக்கொண்டே இருப்பதை "கொஞ்சம்தானே" என்று விடுவதும் குற்றம்தான். நீர்க்காத திரவம் காய்ந்த துணியிலும் டிரம்மிலும் நேரே விழுகிறது.

தொழிலாளியைத் திட்டிப் பயனில்லை. அவர் கையில் அளவுக் குவளையும் எழுதிய அளவும் கொடுக்காதது நிர்வாகம். துவைத்த துணியைச் சோப்பே போடாமல் வெறும் தண்ணீரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நுரைத்தால் அது முன்பு போட்ட சோப்பின் மிச்சம். நோயாளியின் தோலில் உரசப்போவதும் அதுதான். சலவைக் கூடம் நடத்துகிறவர்கள் இன்றைக்கே கடைசி அலசலின்போது கண்ணாடிக் கதவருகே நின்று பார்க்க வேண்டும். நுரை தெரிந்தால் நாளை முதல் அளவைக் குறையுங்கள்.