பெயர் சொல்லி ஜெபிப்போம்

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்தாலும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் என்று உங்களிடம் பெயர் வாங்கியவள்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

விசுவாசத்துக்காகத் துன்பப்படுகிற கிறிஸ்தவர்களுக்காக ஜெபிக்கும் நாள் என்று, நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உலகெங்கும் பல சபைகள் அனுசரிக்கின்றன. போன ஞாயிறு எங்கள் கோயிலிலும் அந்த ஜெபம் இருந்தது. காலையிலேயே நல்ல மழை. முதல் மணி அடிக்கும்போது நான் படுக்கையில்தான் இருந்தேன். முட்டுவலி வேறு. ஆராதனையைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். இரண்டாம் மணிக்கு மனசு உறுத்தியது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அசனத்துக்கு அரிசி யார், தேங்காய் யார் என்ற அறிவிப்புக்குப் பத்து நிமிடம் ஆனது. துன்பப்படுகிறவர்களுக்கான ஜெபம் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பெண்கள் ஐக்கியத்தில் எத்தனையோ வருஷம் அதே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அடுத்து மழைக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் தாவியவள் நானும்தான். துன்பப்படுகிறவர்கள் யார், எந்த ஊர், என்ன ஆனார்கள் என்று ஒருநாளும் நான் தேடிப் பார்த்ததில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் வருகைப் பதிவேடு எடுத்திருக்கிறேன். "எல்லாரும் வந்தாச்சா?" என்று மொத்தமாகக் கேட்டால் "வந்தாச்சு டீச்சர்" என்றுதான் பதில் வரும். பெயர் பெயராகக் கூப்பிட்டால்தான் யார் வரவில்லை என்று தெரியும். ஜெபமும் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அதனால் ஒரு பெயரைச் சொல்கிறேன். லேயா ஷரிபு. நைஜீரியாவின் வடகிழக்கே யோபே மாநிலத்தில் டப்ச்சி என்று ஓர் ஊர். 2018 பிப்ரவரி 19 அன்று அங்குள்ள அரசு பெண்கள் பள்ளிக்குள் தீவிரவாதிகள் புகுந்து 110 மாணவிகளைக் கடத்திக்கொண்டு போனார்கள். ஐந்து பிள்ளைகள் இறந்துபோனார்கள். ஒரு மாதம் கழித்து, மார்ச் 21 அன்று, மற்றவர்களைக் கடத்தியவர்களே ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். லேயாவை மட்டும் விடவில்லை. கிறிஸ்துவை மறுதலித்து மதம் மாறச் சொன்னதற்கு அவள் சம்மதிக்கவில்லை. அப்போது அவளுக்கு வயது 14. நம் பள்ளிக்கூடத்தில் என்றால் ஒன்பதாம் வகுப்பு.

திரும்பி வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். லேயா பெற்றோருக்குச் சொல்லி அனுப்பிய செய்தியை அந்தத் தோழிகள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். தனக்காக ஜெபிக்க வேண்டும் என்பதுதான் அந்தச் செய்தி. இன்றைக்கு அவளுக்கு இருபது வயது தாண்டியிருக்கும். இன்னும் வீடு திரும்பவில்லை.

இங்கே என் உறவுகளிடம் ஒன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு "ஜெபக் குறிப்பு" வந்தது. மேலே ஒரு படம், கீழே ஜெபிக்கச் சொல்லி இரண்டு வரி, அதற்குக் கீழே இன்னொரு மதத்தாரை மொத்தமாகத் திட்டிப் பத்து வரி. அனுப்பியவர் எனக்குப் பிரியமானவர், கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்க மாட்டார். ஆனால் அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை. ஒருவருடைய கண்ணீரை எடுத்து இன்னொருவர் மேல் எறிவதற்கு ஜெபம் என்று பெயர் வைக்கக் கூடாது. டப்ச்சியில் இறந்துபோன பிள்ளைகளின் தாய்மாரும் தாய்மார்தான்.

பாகிஸ்தானின் ஆசியா பீபியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்ட வேலைக்குப் போன கிறிஸ்தவப் பெண். 2009இல் தண்ணீர் குடித்ததில் தொடங்கிய வாய்த்தகராறு, மதநிந்தனை வழக்காக மாறியது. 2010இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அவருக்காகக் குரல் கொடுத்த பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் ஒரு முஸ்லிம். 2011 ஜனவரியில் சொந்தப் பாதுகாவலராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். இரண்டே மாதத்தில், சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சரான ஷாபாஸ் பட்டி என்ற கிறிஸ்தவரையும் கொன்றார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே ஆசியாவுக்காக வாதாடிய வழக்கறிஞர் சைஃபுல் மலூக்கும் முஸ்லிம். 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆசியாவை விடுதலை செய்தது. அவருக்காக ஜெபித்த நாம், அவருக்காக உயிர் கொடுத்த தசீரை மறந்துவிட்டு ஒரு மதத்தையே வெறுத்தால் அது நன்றிகெட்டதனம்.

இனி நம் சுதந்திரத்துக்கு வருகிறேன். மழையைச் சாக்கு வைத்துக் கோயிலுக்குப் போகாமல் இருக்கவும் எனக்கு உரிமை உண்டு, மணி அடித்து, ஒலிபெருக்கி வைத்து, ஊரறியப் பாடவும் உரிமை உண்டு. வட கொரியாவில் வேதாகமம் ஒளித்து வைக்க வேண்டிய பொருள். இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் நம் மொழி பேசுகிற பிள்ளைகள் ஞாயிறு பள்ளி முடித்து நின்ற இடத்திலேயே குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு இலங்கைக் கத்தோலிக்கர்கள் கோயிலுக்குப் போக முடியாமல் தொலைக்காட்சியில்தான் திருப்பலி கண்டார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லாமல் போனது, மழைக்குச் சோம்பல்பட்டு நான் கேட்ட சலுகையாக இருந்தது. வெட்கப்பட்டேன்.

நம் நாட்டிலும் 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் ஆயிரக்கணக்கானோர் வீடும் ஆலயமும் இழந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஆகவே சுதந்திரம் என்பது ஒருமுறை கிடைத்துவிட்டால் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மத உரிமையை எல்லோருக்கும் சமமாகத் தருகிறது. "சமமாக" என்ற சொல்லை நான் பாடத்தில் வேகமாகக் கடந்துவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்வர அனுமதி கேட்டு நின்ற பையன்களே, மார்கழிக் குளிரில் மாலை போட்டுச் செருப்பில்லாமல் வகுப்புக்கு வந்தவர்களே, நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் வழிபாட்டுக்கு யாராவது தடையாக வந்தால் இந்த டீச்சர் உங்கள் பக்கம் நிற்பாள். எனக்கு வந்தால் நீங்கள் நிற்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்து என்ன பயன்?

கிறிஸ்தவர்களான என் உறவுகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வேதப்புத்தகத்துக்குள் வையுங்கள். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவர்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள், அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் சீட்டில் லேயா என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் சீட்டில் யார் பெயர் என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்