கல்லா எங்கய்யா இருக்கு?

போன வாரம் மதுரைல இருந்து சித்தப்பா போன். "தம்பி, ஆணி அதிகமா? ஒரு பட்டனை மட்டும் அமுக்கிக் குடுப்பா."

சித்தப்பாவுக்குப் பார்வை போய் ஒம்பது வருசம் ஆச்சு. கிளாக்கோமா. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன மனுசன், சும்மா உக்காராம என்விடிஏ கத்துக்கிட்டார். தெரியாதவங்களுக்கு: திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற இலவச மென்பொருள் அது. மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியக்காரர் 2006-ல் ஆரம்பிச்சது. அதை வச்சு மெயில், செய்தி, நம்ம மொக்கைப் பதிவுகள் வரைக்கும் தானே வாசிச்சுக்கிறார் :-)

பேத்தி பிறந்தநாளுக்கு ஆன்லைன் கடை ஒண்ணுல பட்டுப்பாவாடை வாங்கப் போயிருக்கார். (கடை பேர் வேணாம். இதே லட்சணத்துல நிறைய கடை இருக்கு.) படத்து மேல போனா "கிராஃபிக், ஐஎம்ஜி 4782" என்கிறது என்விடிஏ. என்ன கலர், என்ன கரை, ஒண்ணும் தெரியாது. அளவு தேர்ந்தெடுக்கிற இடத்துல மௌனம். குத்துமதிப்பா ஏதோ ஒண்ணு கூடையில விழுந்துச்சு. பணம் கட்டுற பட்டன் மட்டும் கிடைக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் டேப் விசையைத் தட்டித் தேடியிருக்கார்.

"கடைக்குள்ள விட்டுட்டான்பா, கல்லா எங்கன்னு சொல்ல மாட்டேங்கிறான்."

கடைசியில கார்டு நம்பரையும் ஓடிபியையும் எங்கிட்ட போன்ல சொன்னார். நான்தான் கட்டினேன். முப்பது வருசம் கவுன்ட்டர்ல உக்காந்து "யார்கிட்டயும் நம்பரைச் சொல்லாதீங்க"ன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன் அவர். குரல் இறங்கிப் போச்சு. எனக்கு அதுதான் தாங்கலை.

அப்புறம் அந்தப் பக்கத்தோட மூலநிரலைத் திறந்து பார்த்தேன். பளபளன்னு ஆரஞ்சு கலர்ல இருந்த அந்தப் பட்டன், பட்டனே இல்லை! வெறும் டிவ். அதுக்குக் கலர் அடிச்சு, சுட்டியால கிளிக்கினா மட்டும் வேலை செய்ற மாதிரி கட்டியிருக்காங்க. கண்ணுக்குத்தான் அது பட்டன். விசைப்பலகைக்கும் என்விடிஏக்கும் அது வெறும் சுவர். நிஜமான பட்டன் குறி 1997-ல் எச்டிஎம்எல் 4.0-லயே வந்தாச்சு மக்களே. ஓசிதான். அதைப் போட்டிருந்தா டேப் நிக்கும், என்டர் வேலை செய்யும், என்விடிஏ பேர் சொல்லும்.

கடைக்கு மெயில் தட்டினேன். "அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கிறோம்" என்று பதில். பொட்டி தட்டுற நண்பர்கள்கிட்ட புலம்பினா அங்கேயும் ரெடிமேட் சால்ஜாப்புகள். ஒண்ணொண்ணா பாப்போம்.

"பார்வை இல்லாதவங்க எங்க கடைக்கு வர்றதே இல்லையே?" கதவைச் சாத்திட்டு ஆள் வரலைன்னு கணக்கு எழுதுறதுக்குப் பேர் என்ன? 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவுல பார்வைக் குறைபாடு உள்ளவங்க மட்டும் 50 லட்சம் பேர்.

"அவங்களுக்குத் தனியா ஒரு பக்கம் போட்டுடலாம்." தனிப் பக்கம் என்னிக்குமே ரெண்டாம் பந்திதான். முன்பக்கத்துல விலை குறையும், அங்க குறையாது. ஆறு மாசத்துல அதைப் பராமரிக்கவும் ஆள் இருக்காது.

"ஒரு வரி நிரல் ஒட்டினா போதும், எல்லாம் சரியாயிடுமாம்." ஆமா, அப்படி விளம்பரம் பண்ணின ஆக்சஸிபி கம்பெனிக்குத்தான் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-ல் 10 லட்சம் டாலர் தீட்டினது. அஸ்திவாரம் கோணலா இருக்கிற வீட்டுக்கு வெள்ளையடிச்சா நிமிர்ந்துடுமா?

"பத்தாயிரம் பொருள் இருக்கு, எல்லாத்தையும் யார் திருத்துறது?" இங்கதான் மேட்டரே. பத்தாயிரம் பொருளுக்கும் வார்ப்புரு ஒண்ணுதான். அந்த ஒண்ணுல பட்டனை பட்டனா மாத்தினா, பத்தாயிரம் பக்கமும் ஒரே ராத்திரியில சரியாகும். கலர், அளவு, கரை இதையெல்லாம் படத்துக்குள்ள எழுதிப் புதைக்காம தரவுத்தளத்துல தனித்தனிக் கட்டமா வைங்க. பொருளை ஏத்துற படிவத்துலயே பட விவரத்தைக் கட்டாயமாக்குங்க. விசயம் எச்டிஎம்எல்ல, அலங்காரம் சிஎஸ்எஸ்ல, ரெண்டையும் குழப்பாதீங்க. அப்புறம் அதே பக்கம் சித்தப்பாவுக்குப் பேசும், கை நடுங்குற பாட்டிக்குப் பெரிய எழுத்தா விரியும், சின்ன போன்ல மடங்கும், கூகிளுக்கும் புரியும். வளையுற மாதிரி கட்டினா யாருக்கும் தனியா கட்ட வேண்டாம். பழைய கடைகளை மாத்துறதுல செலவு இருக்கு, இல்லைங்கல. அது முதல்ல ஒழுங்கா கட்டாததுக்குக் கட்டுற வட்டி.

இதெல்லாம் தர்மம் இல்லை சாமிகளா. டபிள்யூ3சி தன் முதல் அணுகல் வழிகாட்டியைப் போட்டது 1999-ல். அமெரிக்காவுல பார்வையற்றோர் கூட்டமைப்பு டார்கெட் கடை மேல 2006-ல் வழக்குப் போட்டு, 2008 சமரசத்துல கம்பெனி 60 லட்சம் டாலர் வைக்க வேண்டியதாச்சு. ஐரோப்பாவுல 2025 ஜூன் 28 முதல் ஆன்லைன் கடைகளுக்கும் அணுகல் சட்டம் அமல். நம்ம ஊர் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் தனியார் சேவைகளையும் சேர்த்துத்தான் பேசுது. 2025 ஏப்ரல் 30 அன்னிக்கு உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் 21-ஆவது பிரிவு தர்ற வாழ்வுரிமையோட பகுதின்னே சொல்லிடுச்சு. இன்னும் என்ன "அடுத்த கட்டம்"?

வலைத்தளம் கட்டுற மக்களுக்கு ஒரு சவால். சுட்டியைக் கழட்டி வைங்க. திரையை அணைங்க. என்விடிஏவை ஓட விட்டு, நீங்க கட்டின கடையில ஒரே ஒரு பொருள் வாங்கிக் காட்டுங்க. முடியலைன்னா அங்க வியாபாரம் நடக்கலை, ஆளைப் பாத்து உள்ளே விடுறது நடக்குது.

பாவாடை வந்துச்சு. அளவு சின்னது. திருப்பி அனுப்பலாம்னு பார்த்தா, "திருப்பி அனுப்பு" பட்டனும் டிவ்தான்.

டிஸ்கி: என் பதிவுகள்லயும் பாதிப் படத்துக்கு விவரம் இல்லைன்னு சித்தப்பாவே சொல்லிட்டார். இந்த வாரம் உக்காந்து எழுதிட்டிருக்கேன். நீங்களும் எழுதிட்டு வந்து கும்முங்க.