பிள்ளை எந்தக் காகிதத்தில் வந்தது?

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நம் அலுவலகப் படியேறும் ஆயாக்களின் கையில் பெரும்பாலும் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கும். பைக்குள் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் அரபியில் அச்சிட்ட ஒரு தாள். மகளோ மகனோ குவைத்தில் இருக்க, பேரப்பிள்ளை மட்டும் ஆயாவோடு ஊருக்கு வந்திருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும் வேளையில் இந்தப் பைகள் கூடும். “இதுக்கு இங்க ஒரு பர்த் சர்ட்டிபிகேட் எடுத்துக் குடு சாமி” என்பார்கள். அவர்கள் கேட்பது ஒன்று, பிள்ளைக்கு வேண்டியது வேறொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டிய நாமே, பதிவாளர்களும் வழக்கறிஞர்களும் ஆவண எழுத்தர்களும் மீசேவா நடத்துவோருமாகிய நாமே, அதைக் குழப்பிக்கொள்கிறோம். இம்முறை தலையங்கம் அதைப் பற்றியது.

பிறப்புப் பதிவு வேறு, குடியுரிமைப் பதிவு வேறு. சித்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பத்து வருடம் கழித்துப் பதிந்தாலும், அந்தத் தாமதத்தால் அதன் குடியுரிமைக்கு ஒன்றும் ஆவதில்லை. குவைத்தில் பிறந்த பிள்ளையின் கதை அப்படியல்ல. குடியுரிமைச் சட்டம் 1955இன் 4ஆம் பிரிவுப்படி, 2004 டிசம்பர் 3ஆம் தேதியிலிருந்து வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்தாக வேண்டும். பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை. தாய் தந்தை இருவரும் இந்தியர்களாகவே இருந்தாலும், இந்தப் பதிவு இல்லாதவரை சட்டத்தின் கண்ணில் பிள்ளை இந்தியக் குடிமகன் ஆவதில்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததல்ல. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் மீட்கப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தாயின் இடுப்பில், காகிதம் ஒன்றுமில்லாமல் ஒரு கைக்குழந்தை வந்திருந்தாலும், தகப்பன் இந்த மண்ணில் பிறந்த குடிமகன் என்றால் அது பிறக்கும்போதே இந்தியக் குடிதான். தாய் மட்டும் இந்தியர் என்றால் அன்று செல்லாது. 1992 டிசம்பர் 10 முதல்தான் தாய்வழியும் ஏற்கப்பட்டது. ஆக, நம் மூத்த தொழிலாளர்கள் இருபது வயதில் பார்த்த சட்டமும் இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும் ஒன்றல்ல. “எங்க காலத்துல இதெல்லாம் யார் கேட்டா?” என்று அவர்கள் சொல்வதில் பொய்யில்லை.

குழப்பம் பிறக்குமிடம் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 20ஆம் பிரிவு. அதன் முதல் உட்பிரிவு, தூதரகத்தில் நடந்த பதிவை இந்தச் சட்டத்தின் கீழ் நடந்த பதிவாகவே கொள்ளச் சொல்கிறது. ஆகவே தூதரகச் சான்று கையில் இருப்பவருக்கு ஊரில் இன்னொரு பிறப்புச் சான்று தேவையே இல்லை. இது தெரியாமல் எத்தனை பேரை எம்ஆர்ஓ ஆபீசுக்கும் ஆர்டிஓ ஆபீசுக்கும் அலைய விட்டிருக்கிறோம்! இரண்டாவது உட்பிரிவு, தூதரகத்தில் பதியாத பிள்ளையை இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 60 நாளுக்குள் இங்கே பிறந்த பிள்ளையைப் போலவே பதிந்துகொள்ள இடம் தருகிறது. 60 நாள் கடந்தால் 13ஆம் பிரிவின் தாமத நடைமுறை. 2023 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஓராண்டு கடந்த பதிவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரோ கோட்ட ஆட்சியரோ, ஆட்சியர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவரோ ஆணையிடலாம்.

இதில் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும் சொற்கள் சில உண்டு. பெற்றோர் “குடியேறும் நோக்கத்துடன்” இந்தியா திரும்பியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆயாவோடு பிள்ளையை அனுப்பிவிட்டு அப்பனும் ஆத்தாளும் குவைத்திலேயே இருந்தால் அந்த நிபந்தனை எங்கே நிறைவேறுகிறது? நாம் 60 நாள் கணக்கை மட்டும் எண்ணிவிட்டு மீதியைப் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரியது இன்னொன்று. தூதரகப் பதிவு இங்கே செல்லும் என்று சட்டம் சொல்கிறது. இங்கே நடந்த பதிவு தூதரகப் பதிவுக்கு ஈடாகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாலம் ஒருவழிப் பாலம். 20(2)இல் பதிந்து ஒரு சான்று வாங்கியதும் குடும்பம் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறது. தூதரகத்துக்கான ஓராண்டு சத்தமில்லாமல் ஓடிப்போகிறது. பல வருடம் கழித்துப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடும்போது, பிறந்த இடம் குவைத் என்று பார்த்த அதிகாரி குடியுரிமைக்கு ஆதாரம் கேட்பார். அவர் கேட்பது சரியும்கூட.

ஆகவே பையை அவிழ்க்கும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி: பிள்ளை எந்தக் காகிதத்தில் வந்தது? இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்திருந்தால் தூதரகப் பதிவு பெரும்பாலும் முடிந்திருக்கும்; சான்றின் நகலைக் கேட்டு வாங்கினால் போதும். நம்மவர்கள் ‘அவுட் பாஸ்’ என்று சொல்லும் அவசரச் சான்றில் வந்திருந்தால் ஒன்றையும் ஊகிக்கக் கூடாது. அது ஒருமுறைப் பயணத்துக்கான தாள். விமானம் ஏறுமுன்பே அதைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை முறையான பயண ஆவணத்தில்தான் நாட்டுக்குள் வந்தது என்பதற்குப் பின்னாளில் அதுதான் சாட்சி. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் வந்திருந்தால் அது ஓசிஐ அட்டை வழி, நம் பேச்சு அங்கே செல்லாது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் திருப்பதி மென்பொருள் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பிறந்தாலே குடியுரிமை என்ற நம்பிக்கையை 2025 ஜனவரி 20ஆம் தேதி அதிபர் ஆணை அசைத்துப் பார்த்தது. நீதிமன்றங்கள் தடுத்தன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கு எப்படிப் போனாலும் நம் சட்டத்தின் ஓராண்டு அதற்காகக் காத்திருக்காது.

இனிப் பெயர். நம் வேலையில் பாதி நேரத்தைத் தின்பது இதுதான். அரபு எழுத்தில் ‘ப’ என்ற வல்லொலி இல்லை, அது ‘b’ ஆகிவிடும். நம் ‘ச்ச’ இல்லை, ‘ஷ’ ஆகும். ‘வ’ சில நேரம் ‘ஃப’ ஆகும். குற்றுயிர்களை எழுதும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை. எனவே நம் பக்கத்துப் பெஞ்சலய்யா அரபிக்குள் போய் ஆங்கிலத்தில் திரும்பி வரும்போது ‘பின்ஷலாயா’ ஆகி வருகிறார். பத்மா ‘badma’ ஆகிறாள். வெங்கடேசுவை ‘ஃபெங்கடேஷ்’ என்று பார்க்க நேரலாம். தெலுங்குக் குடும்பங்களின் இன்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், முன்னால் வரும். நம் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பெழுத்துத்தான் உண்டு, குடும்பப் பெயரே கிடையாது. அரபு நாட்டுப் படிவமோ பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், குடும்பப் பெயர் என்று கட்டம் போட்டு நிற்கிறது. காலியான கட்டத்தை மொழிபெயர்ப்புக் கடைக்காரர் தம் விருப்பப்படி நிரப்புகிறார். பிள்ளையின் சான்றில் இருக்கும் தகப்பனும் பாஸ்போர்ட்டில் இருக்கும் தகப்பனும் இரண்டு மனிதர்களாகிவிடுகிறார்கள்.

“இருவரும் ஒருவரே” என்று முத்திரைத்தாளில் எழுதித் தருவது நம் கைவசமுள்ள மருந்து. நோய் குவைத்தில் இருக்க மருந்தை இங்கே கொடுப்பதில் பயன் குறைவு. பிரசவ ஆஸ்பத்திரியில் பெயர் எழுதும் நேரத்திலேயே பாஸ்போர்ட்டை நீட்டி, இதிலுள்ள ஆங்கில எழுத்தையே எழுதுங்கள் என்று கேட்பதுதான் சரியான வைத்தியம். தவறு விழுந்துவிட்டால் அங்கேயே, ஊர் திரும்புமுன் திருத்த வேண்டும்.

கல்யாணச் சான்று அடுத்த முள். திருமலையிலோ ஊர்க் கோயிலிலோ தாலி கட்டிக்கொண்டு விசா வந்ததும் கிளம்பியவர்கள் நம்மவர்கள். ஆந்திரத்தில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2002இலேயே வந்துவிட்டது என்றாலும் பதிந்தவர்கள் குறைவு. குவைத்தில் பிரசவத்துக்குப் போனால் முதலில் கேட்பது சான்றொப்பமிட்ட திருமணச் சான்று. சவூதியும் ஓமனும் பஹ்ரைனும் அபோஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் ஒரு முத்திரையோடு வேலை முடியும். குவைத் அதில் இல்லை. மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், குவைத் தூதரகம் என்று தாள் படிப்படியாக ஏற வேண்டும். கருவுற்ற பிறகு தொடங்கினால் பல நேரம் பிள்ளை முந்திக்கொள்கிறது.

பெற்றோருக்குக் கல்யாணமே நடக்காத, அல்லது தகப்பன் கைவிட்ட பிள்ளையின் நிலை இன்னும் மோசம். வீட்டுவேலைக்குப் போன பெண்கள் இதில் சிக்குகிறார்கள். நம் குடியுரிமைச் சட்டத்துக்குத் தாய் ஒருத்தி இந்தியர் என்றால் போதும். தகப்பன் பெயரில்லாமலே பிறப்புச் சான்று தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் ஏபிசி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பிறந்த நாட்டின் சான்று இல்லாமல் தூதரகத்தில் பதிவு நகராது. அந்தச் சான்றோ தாலியைக் கேட்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் சட்டத்தைத் தளர்த்தியது. வளைகுடா முழுவதும் அப்படி அல்ல. இப்படிப்பட்ட தாய் நம்மிடம் வரும்போது, அவளை விசாரணைக் கூண்டில் நிறுத்தும் குரலில் பேசுகிறவர்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும்.

இவ்வளவு சிக்கலுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். பிள்ளை ஊர் வீட்டில் பிறந்ததாக எழுதி, இரண்டு சாட்சி வைத்து, தாமதப் பதிவு வாங்கிவிடுவது. இது குற்றம் என்று சொல்லத் தேவையில்லை. இது மூடத்தனமும்கூட. அந்தத் தேதியில் தாய் குவைத்தில் இருந்ததை அவள் பாஸ்போர்ட் முத்திரையே காட்டிக்கொடுக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்று ஒன்றே ஆதாரம் என்று சட்டம் ஆக்கிவிட்ட பிறகு, பொய்யான இடம் பிள்ளையை வாழ்நாள் முழுக்கத் தொடரும். புத்தூர் கட்டுக்குப் பேர்போன பக்கம் நம்முடையது. கோணலாகக் கூடிய எலும்பை மறுபடி உடைத்துத்தான் நேராக்க வேண்டும் என்பதை நமக்கு வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டாம்.

காலம் தவறியவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 4ஆம் பிரிவின் கீழேயே மத்திய அரசின் அனுமதியைக் கேட்கலாம். இந்தியக் குடிமக்களின் மைனர் பிள்ளைகளைப் பதிவின் மூலம் குடிமக்களாக்க 5(1)(டி) இருக்கிறது. சிறப்புச் சூழ்நிலையில் எந்த மைனரையும் பதிய 5(4) இருக்கிறது. நம் மாவட்டங்களில் இந்த இரண்டையும் எடுத்துப் பார்த்த வழக்கறிஞர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எல்லைக்கு அந்தப்பக்கம், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இதே ஓராண்டு விதி வேறு முகத்தோடு நிற்கிறது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டமும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் பதியச் சொல்கிறது. தக்க காரணம் இருந்தால் அமைச்சர் காலத்தை நீட்டலாம். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்காக ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆண்டுக்கணக்கில் விண்ணப்பங்களைத் திரட்டி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகக் குடியுரிமைச் சான்று வாங்கித் தந்தது. நம் பக்கம் அப்படி ஊர் ஊராகப் போய்க் கேட்க ஆளில்லை. நம் ஊர்க்காரர்களுக்குக் காகிதத்தில் ஊர் மாறுவது புதிதுமல்ல. 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் மாவட்டம் ஆனோம். 1953இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனோம். 1960இல் திருத்தணிப் பகுதி அந்தப் பக்கம் திரும்பியது. 2022இல் பக்கத்துப் புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போக, நாம் சித்தூரிலேயே நின்றோம். அப்போதெல்லாம் காகிதம் மாறியதே தவிர மனிதனின் குடியுரிமை மாறவில்லை. குவைத்துப் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அரசிடம் நாம் கேட்பது ஒன்று. பிறந்து ஓராண்டுக்குள் 20(2)இன் கீழ் இங்கே பதிவானால், அதை உரிய தூதரகத்துக்கு அனுப்பி 4ஆம் பிரிவின் விண்ணப்பமாகவும் கொள்ள விதி திருத்தப்பட வேண்டும். அதுவரை, 20(2) பதிவு செய்யும் ஒவ்வொரு பதிவாளரும் “இது குடியுரிமைப் பதிவு அல்ல” என்று தமிழிலும் தெலுங்கிலும் ஒரு வரி எழுதிக் கையில் கொடுக்கலாம். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பை வந்தது. பிள்ளைக்குப் பதினொரு மாதம். ஆயாவின் கைபேசியிலேயே குவைத்துக்கு அழைத்து, தூதரகத்தில் அடுத்த வாரம் நேரம் வாங்கச் சொல்லியிருக்கிறோம். அசல் பிறப்புச் சான்று இங்கே இருப்பதுதான் இப்போது சிக்கல். சனிக்கிழமை குவைத்துக்குப் புறப்படும் ஒருவர் கையில் அதைக் கொடுத்தனுப்ப ஏற்பாடாகிறது.