முதலில் நம் அறிவு. பிறகே எந்திர அறிவு

மனிதன் தன் உடலுழைப்பைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டு எந்திரங்களைப் படைத்தான். பாரந்தூக்கி அவன் தோள்களுக்கும் ஊர்தி அவன் கால்களுக்கும் துணையாயின. இன்று அவன் படைத்துள்ள புதிய எந்திரமோ அவனுடைய மூளைக்கே துணைநிற்க வந்துள்ளது. அதனையே செயற்கை நுண்ணறிவு என்கிறோம். மனித குலத்தின் எதிர்காலத்தை அது எவ்வாறு மாற்றும் என்று அறிஞர்கள் வாதிட்டு வருகின்றனர். சிறுவர்களைப் பெற்று வளர்ப்பவர்களும் கற்பிப்பவர்களுமாகிய நாமும் இதுபற்றிச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எந்திரத்தால் சிந்திக்க இயலுமா என்னும் வினாவை ஆங்கிலக் கணித மேதை ஆலன் டியூரிங் 1950-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். 1956-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடைபெற்ற ஆய்வுக் கூட்டம் இத்துறைக்கு அடித்தளம் இட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், ஆய்வுக்கூடங்களில் இருந்த இவ்வறிவு நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்தது. இன்று கைப்பேசியில் ஒரு தலைப்பைக் கொடுத்தால், கட்டுரை நொடிப்பொழுதில் வந்து நிற்கிறது.

இதன் நன்மைகளை நாம் மறுப்பதற்கில்லை. உயிர்களின் உடலில் உள்ள புரதங்களின் வடிவத்தைக் கண்டறிய அறிவியலார் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு ஏறத்தாழ 20 கோடிப் புரதங்களின் வடிவத்தைக் கணித்துக் கூறியது. அதனை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிசும் ஜான் ஜம்பரும் 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதே ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஜெஃப்ரி ஹின்டன். இத்துறையின் வளர்ச்சிக்குப் பெரும்பங்காற்றிய அவரே, அதன் ஆபத்துகளைத் தடையின்றி எடுத்துரைக்க வேண்டும் என்று 2023-இல் கூகுள் நிறுவனத்தை விட்டு விலகினார். படைத்தவர்களே நன்மையையும் தீமையையும் ஒருங்கே காணும்போது, நாம் வியப்போடு நின்றுவிடுதல் தகாது.

இவ்வெந்திரம் எவ்வாறு பேசுகிறது? மனிதர்கள் எழுதிக் குவித்த எண்ணற்ற பக்கங்களைக் கொண்டு அது பயிற்றப்படுகிறது. ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்து, சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. ஆதலால் உண்மையைக் கூறும் அதே தெளிவோடு பொய்யையும் கூறிவிடும். இல்லாத நூலை இருப்பதாகச் சொல்லும். நடவாத நிகழ்ச்சிக்கு ஆண்டும் குறிக்கும். விடையைப் பெறுவது எளிதாகிவிட்டது. அது சரியா என்று அறிவதே அரிதாகிவிட்டது. அவ்வாறு அறிய வேண்டுமாயின், கேட்பவனிடம் சொந்த அறிவு இருத்தல் வேண்டும்.

நம் அச்சம் இங்குதான் பிறக்கிறது. ஒரு மாணவன் ஒரு பக்கக் கட்டுரை எழுதுவதற்கு எவ்வளவு பாடுபடுகிறான்! எண்ணுகிறான், எழுதுகிறான், அடிக்கிறான், மீண்டும் எழுதுகிறான். அந்தக் கட்டுரை உலகுக்குத் தேவையானதன்று. ஆனால், அந்தப் பாடு அவனுக்குத் தேவையானது. கட்டுரையை எந்திரத்திடம் பெற்றுக்கொண்டால் ஏடு நிறையும், அறிவு நிறையாது.

இதற்குச் சதுரங்க உலகம் நல்லதொரு பாடம் புகட்டுகிறது. 1997-ஆம் ஆண்டிலேயே டீப் புளூ என்னும் கணினி உலக வெற்றியாளர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அன்றோடு மனிதர் சதுரங்கம் ஆடுவதை விட்டுவிடவில்லை. 2024 டிசம்பரில், நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் 18-ஆம் வயதில் உலக வெற்றியாளரானார். இளம்பருவத்தில் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, சதுரங்கக் கணினியின் துணையின்றியே அவரைப் பயிற்றுவித்தார். கிராண்ட்மாஸ்டர் என்னும் நிலையை எட்டும்வரை தம் மூளையைக் கொண்டே காய்களின் போக்கைக் கணித்துப் பழகிய குகேஷ், பின்னரே கணினியின் துணையை நாடினார். எல்லா ஆட்டக்காரர்களும் இவ்வழியே சென்றவர்கள் அல்லர் என்பது உண்மையே. ஆயினும், தன் அறிவை முதலில் வளர்த்துக்கொண்டவன் எந்திரத்தை ஆள்வான். அவ்வாறு வளர்க்காதவனை எந்திரமே ஆளும் என்பது நம் துணிபு.

தமிழர்களாகிய நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. ஆங்கிலத்தோடு ஒப்பிட இணையத்தில் தமிழ் எழுத்து மிகக் குறைவு. ஆகவே, எந்திரம் கற்றுக்கொள்ளும் தமிழும் குறைவு. நம் பிள்ளைகள் தமிழில் எழுதுவதை விட்டுவிட்டால், நாளைய எந்திரம் நல்ல தமிழை எவரிடம் கற்கும்? இன்று ஒரு மாணவன் தன் சொந்த நடையில் எழுதும் பத்து வரிகள் நாளைய தமிழுக்கு விதைநெல் ஆகும்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது யாது? எந்திரத்தைப் பூட்டி வைத்தல் தீர்வாகாது. பிள்ளைகள் முதலில் தாமே எழுதட்டும். பிறகு எந்திரத்தின் விடையோடு ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ள குறைகளைக் கண்டறியட்டும். அது கூறும் செய்தியை நூலகத்து நூலோடு சரிபார்க்கப் பழகட்டும். ஆசிரியர்கள் எழுதி முடித்த கட்டுரைக்கு மட்டுமன்றி, அதனை மாணவன் தன் வாயால் விளக்கும் திறனுக்கும் மதிப்பளித்தல் நலம். பெற்றோர்களோ, நாள்தோறும் சிறிது நேரமேனும் பிள்ளைகளோடு அமர்ந்து படித்தல் வேண்டும்.

ரப்பர்த் தோட்டங்களில் வைகறையில் எழுந்து பால்மரம் சீவிய நம் முன்னோரிடம் இந்நாடு கைகளின் உழைப்பை மட்டுமே கேட்டது. தம் பிள்ளைகளாவது அறிவால் உயரட்டும் என்றே அவர்கள் தமிழ்ப்பள்ளிகளைக் கட்டிக் காத்தனர். அவ்வளவு அரிதாகப் பெற்ற சிந்திக்கும் உரிமையை நாமே எந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாமா? எந்திரம் நமக்குத் துணையாக இருக்கட்டும்; எண்ணுவதும் தேர்வதும் தீர்மானிப்பதும் நம் பணியாகவே இருக்கட்டும். தன் கையே தனக்கு உதவி என்பர். இனித் தன் அறிவும் அவ்வாறே என்று நம் மாணவச் செல்வங்களுக்குச் சொல்லி வளர்ப்போமாக!